எழுபத்திரண்டாம் கதவு

அண்ணி: ...கிளிக்கு மட்டும் தொள்ளாயிரத்துச் சொச்சம்.

தம்பி: தொள்ளாயிரம் ரசிகர் லெட்டரா! ஒரு கிளிக்கா?

அண்ணி: பின்ன? வீடியோ கேம் ஆடறவன் காதுல "அங்கே ஏதோ மின்னுது, அங்கே ஏதோ மின்னுது"ன்னு நிமிஷத்துக்கு ஒரு வாட்டி கத்தினா யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஒருத்தர் எழுதியிருக்கார், "ஒன்பதாம் பாகத்தில் மாலுமிக்குப் புது வாள் வேண்டாம், கிளிக்கு ஒரு வாய்ப்பூட்டு கொடுங்கள்"னு.

தம்பி: நியாயம்தான். அப்புறம்?

அண்ணி: முதல்ல சாப்பிடு. டப்பாவைத் திறந்து வெச்சுட்டு என் வாயையே பாத்துட்டு இருக்க.

தம்பி: சாப்பிட்டுட்டுதான் இருக்கேன் அண்ணி... அப்புறம்?

அண்ணி: அப்புறம் ஏணி. மாலுமி ஏழு கடல் தாண்டுவானாம், நாலடி ஏணியில வழுக்கி விழுவானாம். நானூறு பேர். அடுத்தது அவன் பை. பன்னெண்டு சாமானுக்கு மேல கொள்ளாது. ஒரு பழம் எடுக்கணும்னா கயித்தைக் கீழ போடணும். அடுத்த பள்ளத்துல போய் நின்னா, கயிறு எங்கடான்னு கேக்கும். முந்நூறு பேர். கொஞ்சம் தள்ளி வெச்சு சாப்பிடேன், லெட்டர்மேல எண்ணெய் படப் போகுது.

தம்பி: படகுக்காரி?

அண்ணி: அவளைக் கேக்காம இருப்பாங்களா? மூணாம் பாகத்தோட காணாமப் போனவ. ஒரு பொண்ணு அவளுக்கு இரங்கல் கவிதையே எழுதி அனுப்பியிருக்கா.

தம்பி: எதையும் மாத்தக் கூடாதுங்கற கோஷ்டி?

அண்ணி: ஓ, இருக்காங்களே! "இருபது வருடமாகத் தொலைதீவு ஆட்டத்தோடு வளர்ந்தவன் நான், ஒரு துரும்பைக்கூட அசைக்காதீர்கள்"னு ஆரம்பிச்சு, அடியில ஏழு மாத்தம் கேட்டிருக்கார் ஒரு மகராசன்.

தம்பி: ஹ ஹா! பாவம் அண்ணி நீங்க. நாலாயிரம் லெட்டரையும் படிச்சு...

அண்ணி: படிச்சு, பிரிச்சு, பத்தே பத்து குறையா சுருக்கி, மேனேஜர் மேசையில வெச்சாச்சு. இன்னைக்கு மூணு மணிக்கு மீட்டிங். அந்தப் பத்தை வெச்சுதான் அடுத்த பாகமே.

தம்பி: அந்தப் பத்துல... பெரிய விஷயம்தான் இருக்குமோ? சின்னச் சின்னது எதாவது...

அண்ணி: சின்னதுன்னா?

தம்பி: பொதுவா கேட்டேன். இந்த... படிக்கட்டு, வாசல்...

அண்ணி: வாசல்.

தம்பி: கதவு... அந்த மாதிரி.

அண்ணி: அடடா! மூணு வருஷமா இந்தக் கம்பெனியில கதவைத் தவிர வேற எதையும் செய்யாத ஆளு, கதவைப் பத்திப் பொதுவா கேக்கறார்!

தம்பி: கிண்டல் பண்ணாதீங்க. அந்தக் கதவெல்லாம் ஏன் அவ்வளவு மெதுவா திறக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். முன்ன மெஷின் மெதுவா ஓடிச்சு. கதவுக்குப் பின்னாடி அடுத்த ரூம் தயாராகற வரைக்கும் சமாளிக்கணும். இப்ப மெஷின் பறக்குது. ரூம் தயாரா நிக்குது. கதவு மட்டும் இன்னும் பழைய வேகத்துல முக்கி முனகிட்டுத் திறக்குது. மூணு வருஷமா சொல்றேன். மேனேஜர் ஒரே பதில்தான். "ரசிகர் யாராவது கேட்டாங்களா?"

அண்ணி: ரசிகர் கேட்டிருக்காரே.

தம்பி: யா... யாரு?

அண்ணி: பத்தாவது இடம். கதவு. ஒரே ஒரு லெட்டர்தான், ஆனா அருமையான லெட்டர். படிக்கட்டுமா?

தம்பி: ம்... படிங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்.

அண்ணி: "ஐயா, நான் முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவன். கதவு திறக்கக் காத்திருப்பவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பார்த்தே பழகியவன். ஆகவே எழுதுகிறேன். எட்டாம் பாகத்தில் நூற்றுப் பதினெட்டுக் கதவுகள். ஒவ்வொன்றும் திறக்க நான்கு விநாடி. ஆகவே ஆட்டம் முடிவதற்குள் ஏறக்குறைய எட்டு நிமிடம் மூடிய கதவின் முன் நிற்கிறேன். எழுபத்திரண்டாம் கதவில் ஆறு விநாடி. ஒரு பஸ்ஸில் ஆறு விநாடி கதவு திறக்காவிட்டால் என்னைத் திட்டுவார்கள். ஆகவே..."

தம்பி: நல்லா எழுதியிருக்காரே!

அண்ணி: இல்ல?

தம்பி: கணக்கெல்லாம் போட்டு... அனுபவஸ்தர் போல.

அண்ணி: மேனேஜரும் அதேதான் சொன்னார். அவருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு. "இவர்தான் நிஜமான ரசிகர். மூணு மணி மீட்டிங்குல ஸ்பீக்கர் போன்ல கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் பேச வைக்கறேன், நம்பரைக் கொண்டா"ன்னார்... என்ன, புரையேறுதா? தண்ணி குடி, தண்ணி குடி.

தம்பி: போன்... போன் பண்ணப் போறாரா?

அண்ணி: ஆமா. நானும் நம்பரை எழுதிக் குடுத்தேன். எழுதி முடிச்சு, கையில குடுத்து, அவர் சட்டைப் பையில போட்டப்புறம்தான் என் மண்டையில உறைச்சுது. எங்கயோ பாத்த நம்பரா இருக்கேன்னு.

தம்பி: அண்ணி...

அண்ணி: நம்ம வீட்டு லேண்ட்லைன்டா!

தம்பி: மெதுவா... வெளிய கேக்கும்...

அண்ணி: மெதுவாவா? கதவு மாதிரியா?

தம்பி: அண்ணி, சத்தியமா நான் என்ன நினைச்சேன்னா... அந்த வெப்சைட் ஃபாரத்துல போன் நம்பர் இல்லாம லெட்டர் போக மாட்டேங்குது. எனக்குப் பொய் எழுதவும் வராது. பேரு கேட்ட இடத்துல "டிரைவர்"னு போட்டேன். தொழில்ல அப்பாவோட தொழிலைப் போட்டேன். நம்பர்ல... அந்த லேண்ட்லைன் அடிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு. எவன் கூப்பிடப் போறான்னு...

அண்ணி: இதோ, இன்னும் முப்பது நிமிஷத்துல கூப்பிடப் போறாங்க. உங்கப்பா எடுத்து, "என்ன லெட்டர்? என்ன கதவு? ராங் நம்பர்!"னு வெச்சுடுவார். எல்லார் முன்னாடியும்.

தம்பி: ராங் நம்பர்னு வெச்சா நல்லதுதானே? யாரோ நம்பரைத் தப்பா எழுதிட்டாங்கன்னு...

அண்ணி: மாமா அப்படி வெப்பாரா? "நீங்க எந்த ஆபீஸ்? ஓ, என் பையனும் மருமகளும் அங்கதான் வேலை பாக்கறாங்க"ன்னு குசலம் விசாரிச்சுட்டுதான் வெப்பார்.

தம்பி: ஐயோ.

அண்ணி: இசைப் பிரிவுல இருந்த தாடிக்காரர் ஞாபகம் இருக்கா?

தம்பி: தானே ரசிகன் மாதிரி "இசை அபாரம்"னு எழுதினவரா...

அண்ணி: அன்னைக்கு சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீ எழுதினவன், அதைப் பத்துல ஒண்ணா எடுத்து வெச்சது நான். இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா பையைத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான். உங்கண்ணன் வாசல்ல நின்னு வரவேற்பார்.

தம்பி: அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிட்டா? ஒரே ஒரு போன். "யாராவது கூப்பிட்டா ஆமா ஆமான்னு மட்டும் சொல்லுங்க"ன்னு...

அண்ணி: பண்ணு, பண்ணு. செல்லுல கூப்பிடு.

தம்பி: செல்லு ஆஃப்ல இருக்கு. சார்ஜ் போட மறந்திருப்பார்.

அண்ணி: லேண்ட்லைன்?

தம்பி: அடிக்குது... அடிக்குது... எடுக்கல.

அண்ணி: மத்தியானத் தூக்கம்.

தம்பி: எடுத்தாலும் என்ன புண்ணியம் அண்ணி? ஆட்டத்தைப் பத்தி ஒரு கேள்வி கேட்டா அப்பா என்ன சொல்வார்? அவருக்கு என் வேலைன்னாலே இளக்காரம். எதிர்வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கார் தெரியுமா? "பையன் கதவுக்கு வர்ணம் அடிக்கறான்"னு.

அண்ணி: எங்கிட்டயும் கேட்டார். "அவன் செய்யற கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா?"ன்னு.

தம்பி: பாத்தீங்களா! எழுபத்திரண்டாம் கதவு எதுன்னு மேனேஜர் கேட்டா...

அண்ணி: ஆமா, அது எது? நானே கேக்கணும்னு இருந்தேன்.

தம்பி: கலங்கரை விளக்கத்துக்குக் கீழ ஒரு நிலவறை வருமே, அந்தக் கதவு. துருப்பிடிச்ச கீல், நானே ரெண்டு வாரம் உக்காந்து... உக்காந்து...

அண்ணி: என்னடா, பேச்சு நின்னுபோச்சு?

தம்பி: அண்ணி. அந்த நிலவறையைத் தூக்கிட்டாங்க.

அண்ணி: எங்க தூக்கிட்டாங்க?

தம்பி: ஆட்டத்துலேர்ந்தே. வெளியாகறதுக்குப் பத்து நாள் முன்னாடி. என் மெஷின்ல இருக்கு, நம்ம ஆபீஸ்ல இருக்கு. கடையில வாங்கினவன் ஆட்டத்துல அந்தக் கதவே கிடையாது!

அண்ணி: அப்ப நூத்திப் பதினெட்டு?

தம்பி: வெளிய போனது நூத்திப் பதினேழு.

அண்ணி: இல்லாத கதவு திறக்க ஆறு விநாடி ஆகுதுன்னு ஒரு பஸ் டிரைவர் புகார் குடுத்திருக்கார்.

தம்பி: கதவுக்கு நம்பர் இருக்குங்கறதே வெளிய யாருக்கும் தெரியாது அண்ணி. அதை நான்... எப்படி... ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்துட்டுதான் அனுப்பினேன். மூணாவது வாட்டி படிச்சிருக்கணும்.

அண்ணி: மூணாவது வாட்டி படிச்சிருந்தா இன்னொரு "ஆகவே" சேத்திருப்ப.

தம்பி: நான் மேல போறேன்.

அண்ணி: எதுக்கு?

தம்பி: மேனேஜர்கிட்ட நேரா சொல்லிடறேன். எழுதினது நான்தான், அண்ணிக்கு எதுவுமே தெரியாதுன்னு. உங்க வேலையாவது தப்பிக்கும்.

அண்ணி: உக்காரு.

தம்பி: இல்ல அண்ணி, என்னை இங்க சேத்துவிட்டதே நீங்க. என்னால உங்களுக்கு...

அண்ணி: உக்காருன்னேன்ல. எதுவுமே தெரியாதுன்னு எப்படிச் சொல்வ? தெரியுமே.

தம்பி: என்ன தெரியும்?

அண்ணி: அந்த லெட்டர் வந்த அன்னைக்கே தெரியும். பத்து வரியில ஆறு "ஆகவே". நம்ம வீட்ல சாமான் வாங்கிட்டு வரச் சொன்னா, "சர்க்கரை தீர்ந்துவிட்டது, ஆகவே ஒரு கிலோ"ன்னு சீட்டு எழுதற ஆளு நீ ஒருத்தன்தான்.

தம்பி: தெரிஞ்சுமா பத்துக்குள்ள வெச்சீங்க?

அண்ணி: கதவு நிஜமாவே மோசம்டா. நான் சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் ஆடலாம்னு உக்காந்தா, பாதி நேரம் கதவு வாசல்ல பிச்சைக்காரி மாதிரி நிக்கறேன். நம்பரை மட்டும் பாக்காம விட்டுட்டேன். சரி, இன்னொரு வாட்டி வீட்டுக்கு அடி.

தம்பி: அடிச்சுட்டேன்... அண்ணி.

அண்ணி: எடுத்தாரா?

தம்பி: எங்கேஜ்டு.

அண்ணி: மணி ரெண்டே முக்கால்தானே?

தம்பி: மீட்டிங் சீக்கிரம் ஆரம்பிச்சுட்டாங்க போல.

அண்ணி: இரு, இங்க மேசை போன் அடிக்குது... ஹலோ... ஆமா சார்... இப்பவா சார்? இதோ வரேன் சார்... என்னை மேல வரச் சொல்றாங்க.

தம்பி: நானும் வரேன்.

அண்ணி: நீ இந்த நாற்காலியை விட்டு எழுந்த, உங்கண்ணன்கிட்ட சொல்லிடுவேன். டப்பாவை மூடு. எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்.

*

தம்பி: அண்ணி! அரைமணி நேரமா... என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நான் என் பையை எல்லாம் கட்டி வெச்சுட்டேன்.

அண்ணி: தண்ணி குடு.

தம்பி: இந்தாங்க. சொல்லுங்க, வேலை போச்சா?

அண்ணி: இன்னும் கொஞ்சம் குடு.

தம்பி: அண்ணி!

அண்ணி: நான் போகும்போதே ஸ்பீக்கர்ல உங்கப்பா குரல். எட்டுப் பேர் சுத்தி உக்காந்திருக்காங்க. மேனேஜர் லெட்டரை முழுசா அவருக்குப் படிச்சுக் காட்டியிருக்கார் முதல்லயே.

தம்பி: அப்பா என்ன சொன்னார்? எந்த லெட்டர்னு கேட்டாரா?

அண்ணி: கேக்கல. "ஆமாங்க, நான்தான் எழுதினேன், என்ன இப்ப?"ன்னார்.

தம்பி: அப்பாவா!

அண்ணி: கேளு. "ஒரு திருத்தம். நூத்திப் பதினெட்டுன்னு எழுதிட்டேன், நூத்திப் பதினேழுதான். ஒண்ணு கூட எண்ணிட்டேன், மன்னிக்கணும்"னார்.

தம்பி: என்ன சொல்றீங்க?

அண்ணி: மேனேஜர் விடுவாரா? "எழுபத்திரண்டாம் கதவுன்னு எழுதியிருக்கீங்களே, அது எது?"ன்னார். நான் கண்ணை மூடிக்கிட்டேன். உங்கப்பா ஒரு நொடிகூட யோசிக்கல. "துறைமுகத்துல வர்ற இரும்புக் கதவுங்க. ஆரம்பத்துலேர்ந்து எண்ணிட்டே வந்தா எழுபத்திரண்டாவது அதான். ஸ்டாப் எண்ணி எண்ணியே ஓட்டினவன், எதைப் பாத்தாலும் எண்ணிடுவேன்"னார்.

தம்பி: இரும்புக் கதவு... எங்க கணக்குல அது நாப்பத்தி ஒண்ணு. ஆனா போற வழியில எண்ணினா... இருங்க... அண்ணி, சரியா இருக்கும்!

அண்ணி: மேனேஜர் அங்கேயே ஆட்டத்தைப் போடச் சொன்னார். அந்தக் கதவு முன்னாடி மாலுமியை நிறுத்தி, கடிகாரத்தைக் கையில வெச்சுக்கிட்டார். எட்டுப் பேர் ஒரு ரூம்ல மூச்சு விடாம ஒரு கதவைப் பாத்துட்டு உக்காந்தா ஆறு விநாடி எவ்வளவு நீளம் தெரியுமா?

தம்பி: ஆறே முக்கால். நான் செஞ்சது.

அண்ணி: கதவு திறந்ததும் மேனேஜர் பெருமூச்சு விட்டார். "இதை எனக்கு ஏன் யாருமே முன்னாடி சொல்லல?"ன்னார்.

தம்பி: மூணு வருஷமா நான்...

அண்ணி: தெரியும், தெரியும். விடு. ஒன்பதாம் பாகத்துல எல்லாக் கதவும் ஒரு விநாடி. யார் செய்யறதுன்னு கேட்டதுக்கு உன்னைத்தான் சொன்னாங்க. போ, கட்டின பையைப் பிரி.

தம்பி: அப்பாடா... ஐயோ அண்ணி... இதோ பிரிச்சுடறேன்.

அண்ணி: உன் டப்பாவுல எதாவது மிச்சம் இருக்கா? பசி உயிர் போகுது.

தம்பி: எல்லாம் அப்படியே இருக்கு, எடுத்துக்கங்க. ஆனா அண்ணி... அப்பா எப்படி? அவருக்கு டிவியில சத்தம் குறைக்கவே யாராவது வேணுமே!

அண்ணி: எனக்கும் அதான் புரியல. கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.

தம்பி: ...ஹலோ, அப்பா?

அப்பா: என்னடா, டிரைவர் சாரா?

தம்பி: அப்பா... அது...

அப்பா: என் பேரைச் சொல்லி லெட்டர் எழுதறதுதான் எழுதற, எண்ணிக்கையாவது சரியா போடக் கூடாதா? மானம் போயிருக்கும்.

அண்ணி: மாமா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும்.

அப்பா: நீயும் அங்கதான் இருக்கியாம்மா? சாப்பிட்டியா?

அண்ணி: இப்பதான் தொண்டையில இறங்குது.

தம்பி: நான்தான் எழுதினேன்னு எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?

அப்பா: கண்ணாடியில முகம் பாக்கற கதையை நான் யாருக்குச் சொன்னேன்? எட்டு வயசுல எனக்குப் பின் சீட்டுல உக்காந்து வந்தவனுக்கு மட்டும்தான். அந்த ஆள் அதைப் படிச்சதுமே புரிஞ்சுபோச்சு, பையன் எங்கயோ மாட்டியிருக்கான்னு.

தம்பி: அது சரி... இரும்புக் கதவு? நூத்திப் பதினேழு? அதெல்லாம்...

அப்பா: நீங்க எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் இந்த வீட்ல நான் என்ன பண்ணுவேன்னு நினைச்ச?

தம்பி: தூங்குவீங்கன்னு.

அப்பா: ஏழாம் பாகம் ரெண்டு வாட்டி முடிச்சாச்சு. எட்டு இப்ப மூணாவது வாட்டி. முதல்ல போன் அடிச்சப்ப ஏணியில பாதி ஏறியிருந்தேன். கையை விட்டா விழுந்துடுவான். அதான் எடுக்கல.

அண்ணி: மாமா! நான் இத்தனை நாளா உங்க மூத்த பையன்தான் நான் பாதியில விட்டு வெச்ச ஆட்டத்துல புகுந்து பழத்தையெல்லாம் தின்னுடறார்னு அவரோட சண்டை போட்டேனே!

அப்பா: அவன் பாவம்மா. ஒரு வார்த்தை சொல்லிடு.

தம்பி: ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?

அப்பா: கதவுக்கு வர்ணம் அடிக்கறான்னு தெரு முழுக்கச் சொன்னவன், அதையே உக்காந்து எண்ணிட்டு இருக்கேன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது? நல்ல கதவுடா எல்லாம். கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான்.

தம்பி: அடுத்த பாகத்துல ஒரு விநாடிதாம்ப்பா.

அப்பா: கடைசியில உங்க மேனேஜர் கேட்டார், வேற குறை ஏதாவது உண்டான்னு.

தம்பி: கிளியைச் சொன்னீங்களா?

அப்பா: கிளியை ஒண்ணும் பண்ணிடாதீங்க. மத்தியானத்துல இந்த வீட்ல எங்கூட பேசறது அது ஒண்ணுதான்.

அண்ணி: அப்ப என்னதான் சொன்னீங்க மாமா? நான் கீழ இறங்கி வந்துட்டேன், அது என் காதுல விழல.

அப்பா: ஆட்டம் முடிஞ்சதும் வேலை செஞ்சவங்க பேரெல்லாம் கீழேர்ந்து மேல ஓடுது பாரு... அதைக் கொஞ்சம் மெதுவா விடுங்கன்னேன்.

தம்பி: அதையா? அதை யாருமே பாக்கறதில்லப்பா. எல்லாரும் அணைச்சுட்டு எழுந்து போயிடுவாங்க.

அப்பா: அவரும் அப்படித்தான் சொன்னார். "அதை எதுக்குங்க மெதுவா விடணும்?"ன்னார். வயசான கண்ணு, மெதுவாத்தான் படிக்கும்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது... மூக்குக் கண்ணாடியைத் துடைச்சு மாட்டறதுக்குள்ள உன் பேரு மேல போயிடுதுடா, அந்த ஒரு பேரைப் பாக்கத்தான் ஒவ்வொரு வாட்டியும் முதல்லேர்ந்து ஆடறேன்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா?